சீட்டு விரிப்பும் சமுதாயத் துயரும்: டாரோ படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

டாரோ எனப்படும் 78 சீட்டுகளைப் பற்றித் தமிழ்ச் சங்க ஆய்விதழ் ஒன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வேறு சிலருக்குச் சினமும் ஊட்டலாம். குறி, சகுனம், சோதிடம் ஆகியவற்றை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வது எமது முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுநாள் வழக்கமாகும். அவ்வொதுக்கல் தவறென்று நாம் கூற வரவில்லை. அது போதாது என்பதே எமது கருத்து.

இக்கட்டுரைக்கு உந்துதலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. 2022 ஆம் ஆண்டில், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில், எம்மிடம் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் கைப்பேசியில் டாரோ சீட்டுகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் காண நேர்ந்தது. தந்தையார் தொழிலிழந்திருந்தார், படிப்பைத் தொடர்வதா விடுவதா என்பது அவருக்கு அன்றாடக் கேள்வியாகியிருந்தது. நாம் கேட்பதற்கு முன்னரே அவர் சொன்னார்: "சேர், இது பொய்யெண்டு எனக்கும் தெரியும். ஆனால் இதுக்கு முன்னால இருந்தால் ஆரோ என்ரை நிலைமையைக் கேக்கிற மாதிரி இருக்கு." பகுத்தறிவு பற்றி நாம் ஆற்றவிருந்த சிறு சொற்பொழிவு அவ்விடத்திலேயே நின்றுபோயிற்று. பொய்யென்று அறிந்தும் ஒருவர் நாடும் பொருளை, அது பொய்யென்று மெய்ப்பிப்பதால் விளக்கிவிட முடியாதன்றோ?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. டாரோ சீட்டுகள் 15 ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிலே தோன்றியவை. மிலான், பெராரா முதலிய நகரங்களின் பிரபு குலத்தினர் அவற்றைக் கொண்டு துருப்பு வைத்து ஆடினர். ஞானமும் மறைபொருளும் அன்று அவற்றின் தொழிலல்ல, விளையாட்டே தொழில். 1781 இலே பிரான்சில் கூர் த ஜெபெலின் என்பார் தமது நூல்வரிசையின் எட்டாம் தொகுதியில், இவை எகிப்திய பூசகரின் இரகசிய நூலின் எச்சங்கள் என எழுதினார். எகிப்திய எழுத்துகளைச் சம்பொல்லியன் வாசித்தறிந்தது 1822 இலே என்பதை நினைவிற் கொண்டால், இக்கூற்றின் பெறுமதி விளங்கும். ஒருவராலும் வாசிக்க முடியாத எழுத்தைச் சான்றாகக் காட்டுவோரை மறுப்பாரும் இலர். சில ஆண்டுகளில், 1785 இல், எத்தெய்லா என்ற புனைபெயர் கொண்ட அலியெற் என்பார் டாரோவைக் கொண்டு குறிசொல்லும் முறையை நூலாக்கினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முற்பட்ட அவ்வாண்டுகளில், பழைய ஒழுங்கு நிலைகுலையத் தொடங்கிய சூழலில் இது நிகழ்ந்தமை தற்செயலென்று நாம் கருதவில்லை.

இவ்வரலாற்றை ஐயந்திரிபற நிறுவியவர்களுள் முதன்மையானவர் மைக்கல் டமற். தருக்கவியல், மொழித் தத்துவம் ஆகிய துறைகளிற் பெயர்பெற்ற அவர், பிரித்தானியாவில் இனவாதத்துக்கு எதிராக நேரிற் பாடுபட்டவருமாவார். 1980 இல் வெளிவந்த அவரது பெருநூல் டாரோவை அதன் ஆட்டவிதிகளினூடாக ஆராய்கின்றது. மறைஞானிகள் கட்டிய மாளிகையின் அத்திவாரத்தில் அவர் கண்டது ஒரு சீட்டாட்ட மேசையே. எனினும் டமற் காட்டியது டாரோ எதுவன்று என்பதையே. இன்று அதை நாடுவோருக்கு அது என்னவாக இருக்கின்றது என்பது வேறு வினா.

அவ்வினாவுக்கு விடை தேடும்போது நாம் 1909 ஆம் ஆண்டு இலண்டனுக்கு வர வேண்டியுள்ளது. 1888 இல் அங்கு நிறுவப்பட்ட பொன் விடியல் என்னும் மறைஞானக் கழகத்தைச் சார்ந்தவர் ஆர்தர் எட்வேட் வெயிற். அவரது திட்டப்படி ஒரு புதிய சீட்டுக்கட்டு அவ்வாண்டு திசெம்பரில் றைடர் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. படங்களை வரைந்தவர் அதே கழகத்தில் உறுப்பினராயிருந்த பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. இன்று உலகெங்கும் கைகளிலும் கைப்பேசிகளிலும் புழங்கும் டாரோ படங்களிற் பெரும்பாலானவை இக்கட்டையோ இதன் வழிவந்தவற்றையோ சார்ந்தவை. எனினும் பல பத்தாண்டுகளாக அது 'றைடர்-வெயிற்' என்றே வழங்கிவந்தது. பதிப்பித்தவர் பெயரும் திட்டமிட்டவர் பெயரும் நின்றன. வரைந்தவர் பெயர் நிற்கவில்லை.

பமேலா 1878 இல் இலண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையிற் சில ஆண்டுகளை யமெய்க்காவிற் கழித்தவர். அத்தீவின் அனான்சி நாட்டார் கதைகளை 1899 இலே நூலாக வெளியிட்டவர். பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்காகவும் ஓவியம் வரைந்தவர். 1909 நவம்பரில் நியூயோர்க்கிலிருந்த புகைப்படக் கலைஞர் ஸ்ரீக்லிற்சுக்கு எழுதிய கடிதத்தில், மிகப் பெரிய வேலையொன்றை மிகச் சிறிய பணத்துக்குச் செய்து முடித்திருப்பதாகக் குறிப்பிடுகின்றார். அவ்வேலை இச்சீட்டுப் படங்களே. விற்பனையில் அவருக்குப் பங்கு எதுவும் இருக்கவில்லை. 1951 இல் கோண்வால் பகுதியிலுள்ள பியூட் என்ற ஊரிற் கடனோடு இறந்தார். அவரது உடைமைகள் கடனடைக்க விற்கப்பட்டன. 1970களின் தொடக்கத்திலே அமெரிக்காவில் அக்கட்டு மீள அச்சிடப்பட்டுப் பெருவணிகப் பொருளாயிற்று. ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் நிகழும் இவ்வணிகத்தின் அடியில் ஊதியம் வழங்கப்படாத உழைப்பொன்று கிடக்கின்றது என்பதைத் திறனாய்வாளன் மறத்தலாகாது.

ஆயினும் எமது கவனம் அவர் பட்ட அநீதியிலன்றி அவர் வரைந்த படங்களிலேயே முதன்மையாகச் செல்லவேண்டும். டாரோவின் 22 பெருஞ் சீட்டுகளும் அரசன், அரசி முதலிய 16 சீட்டுகளும் முன்னரே உருவங்கள் கொண்டவை. எஞ்சிய 40 எண் சீட்டுகள் பழைய மார்செய்ல் மரபிலே வெறும் குறிகளால் ஆனவை: ஐந்து நாணயம், ஒன்பது வாள், பத்துத் தடி என்றவாறு. 15 ஆம் நூற்றாண்டின் சோலா புஸ்கா கட்டு ஒன்றே இதற்குக் குறிப்பிடத்தக்க விலக்கு. அதன் புகைப்படங்கள் 1907 இல் பிரித்தானிய அரும்பொருளகத்துக்கு வந்து சேர்ந்தன, பமேலா அவற்றைக் கண்டிருத்தல் கூடும். அந்த நாற்பதிலும் அவர் மனிதரை நிறுத்தினார். இப்பகுதியில் வெயிற்றின் வழிகாட்டல் குறைவென்றும் பெரும்பாலும் ஓவியரின் சொந்தக் கற்பனையே தொழிற்பட்டதென்றும் அறிஞர் கருதுவர். படங்களை நோக்குவார்க்கு அக்கருத்து ஏற்புடையதாகவே தோன்றும்.

மேற்கூறிய மாணவருக்கு வந்த சீட்டு நாணயம் ஐந்து. அப்படத்திலே பனி பொழியும் இரவில் இருவர் நடந்து செல்கின்றனர். ஒருத்தி கிழிந்த போர்வையோடு வெறுங்காலுடன் முன்னே செல்கின்றாள். மற்றவன் ஊன்றுகோல் தாங்கியவன், கழுத்திலே மணியொன்று தொங்குகின்றது. ஐரோப்பாவில் தொழுநோயாளர் தம் வருகையை அறிவிக்க ஒலியெழுப்பிச் சென்ற வழக்கத்தை அம்மணி நினைவூட்டும். அவர்களுக்குப் பின்னே தேவாலயச் சாளரம் போன்றதொன்று ஒளிர்கின்றது. வண்ணக் கண்ணாடியில் ஐந்து நாணயங்களும் பதிக்கப்பட்டுள்ளன. செல்வம் உள்ளே, வறியோர் வெளியே. படத்தில் கதவு இல்லை. இதற்கு வெயிற் எழுதிய உரை யாது? பொருள் தொல்லை, வறுமை என்று தொடங்குகின்றார். பிறகு, சில குறிகாரரின் கருத்துப்படி காதலும் காதலருமே இதன் பொருள் என்று சேர்த்துக் கொள்கின்றார். படம் காட்டிய சுவர் உரையில் மறைந்துவிடுகின்றது.

நாணயம் ஆறு இன்னும் தெளிவானது. செல்வந்தனொருவன் ஒரு கையிற் தராசு பிடித்துக்கொண்டு மறுகையால், காலடியில் முழந்தாளிட்ட இரவலருக்குக் காசு இடுகின்றான். வெயிற்றுக்கு இது அவனது வெற்றிக்கும் நல்லுள்ளத்துக்கும் சான்று. பமேலாவின் தூரிகையோ தராசை விடவில்லை. நிறுத்தே கொடுக்கின்றான் என்பதைப் படம் கூறுகின்றது. இருவருள் ஒருவன் கையிலேதான் காசு விழுகின்றது. மற்றவன் ஏந்திய கை ஏந்தியபடியே இருக்கின்றது. தடி பத்தில் ஒருவன் தன் முகமே மறையும்படி பத்துக் கழிகளையும் அணைத்துக்கொண்டு ஊரை நோக்கிக் கூனி நடக்கின்றான். எமக்கு அவன் கூலியாள்; நூலாசிரியருக்கோ அது செல்வமும் வெற்றியும் தரும் சுமையாகவும் இருக்கக்கூடும்! உழைப்பவன் முதுகிலுள்ள பாரத்தை உடைமையாளனின் மனப்பாரமாக மாற்றிவிடும் இந்த உரைத்திறன், ஆன்மிக நூல்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை எமது வாசகர் அறிவர்.

வாள் ஒன்பதை ஈண்டு விடுதல் ஆகாது. நள்ளிரவிற் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கைகளாற் புதைத்துக்கொண்ட ஓர் உருவம்; மேலே இருளில் ஒன்பது வாள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. போர்வையிலே உரோசாப் பூக்களும் இராசிக் குறிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. விண்மீன்களின் குறியெல்லாம் காலடியில் கிடக்க, உறக்கம் வரவில்லை. துயர்க் காலங்களில் இச்சீட்டை எடுத்தோர் பலர் அது தம்மையே வரைந்ததெனக் கொள்வதற்கு மாயம் எதுவும் தேவையில்லை. நல்ல ஓவியம் எதுவும் செய்யும் பணியே அது.

ஆகவே படத்துக்கும் உரைக்கும் இடையே ஒரு முரண்பாடு நிலவுகின்றது என்பதே எமது முதல் முடிபு. படங்கள் சமுதாயத்தைக் காண்கின்றன. உரை தனிமனிதனை மட்டுமே விளிக்கின்றது. விரிப்பு முறை இவ்விரண்டாவதற்குத் துணைபோகின்றது.

1910-11 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் விளக்க நூலில் வெயிற் தரும் பத்துச் சீட்டு விரிப்பே இன்று மிகப் பரவலானது. அதைப் பழைய கெல்றிய முறை என்கின்றார். பழமைக்கோ கெல்றியருக்கோ சான்று தரவில்லை. குறி கேட்பவரைச் சுட்டும் சீட்டொன்று முதலில் நடுவே வைக்கப்படும். அதைத் தெரியும் விதி சுவையானது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உடையோர்க்குத் தடி; கருமுடியும் கருவிழியும் மாநிறமும் உடையோர்க்கு நாணயம். இவ்விதிப்படி எம்மவர் அனைவரும், ஆபிரிக்கர் அனைவரும், சீனர் அனைவரும் ஒரே குலத்தில் அடங்குவர். ஐரோப்பியரின் முடி நிற வேறுபாடுகளுக்கு மூன்று குலங்கள், உலகின் எஞ்சிய பெரும்பகுதிக்கு ஒன்று! உலகளாவிய ஞானம் எனப்படுவது எந்த அறையில் இருந்துகொண்டு பேசுகின்றது என்பது இதனாற் புலனாகும்.

பின்னர் பத்துச் சீட்டுகள். முதலாவது அவரைச் சூழ்ந்த நிலை, இரண்டாவது குறுக்கே கிடக்கும் தடை, மூன்றாவது தலைக்கு மேல், இலட்சியம், நான்காவது அடியில், அடித்தளம், ஐந்தாவது கழிந்தது, ஆறாவது வருவது. ஏழாவது அவரே, எட்டாவது அவரது இல்லமும் சூழலும், ஒன்பதாவது அவரது நம்பிக்கையும் அச்சமும், பத்தாவது முடிவு. பத்து இடங்களுள் வெளியுலகுக்கென ஒதுக்கப்பட்டது எட்டாவது இடம் மட்டுமே. அதுவும் இல்லத்தின் பெயரால். தொழிலிழப்பும் விலையேற்றமும் போரும் புகவேண்டுமெனில் அச்சிறு வாயிலாலேயே புகவேண்டும். எஞ்சிய ஒன்பதும் கேட்பவரையே மையமாகக் கொண்டு சுழல்கின்றன. துயருக்குக் காரணம் யாது என்று கேட்க வந்தவர், துயருறும் தன் மனத்தைப் பற்றிய விடையோடு திரும்பும்படி விரிப்பின் வடிவமே அமைந்துள்ளது.

இத்துடன் ஒன்றையும் கூறியாக வேண்டும். நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒரே இடத்தில் வைத்தமை நுட்பமான செயல். ஒரு மனிதர் எதை விரும்புகின்றாரோ அதையே அஞ்சவும் செய்வார் என்பதை இவ்விரிப்பை அமைத்தவர் அறிந்திருக்கின்றார். கேட்பவரின் சிதறிய அவலங்களுக்கு இவ்வடிவம் ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் தருகின்றது. அவரைத் தம் கதையின் நாயகராக்குகின்றது. எமது மாணவர் 'ஆரோ கேக்கிற மாதிரி' என்றது இதனையே. அசண்டே மக்களைப் பற்றி 1937 இல் எழுதிய எவன்ஸ்-பிரிச்சாட், களஞ்சியம் இடிந்து ஒருவர் இறந்தால், தூணைக் கறையான் அரித்ததை அம்மக்கள் அறிவர் என்றும், அந்நேரத்தில் அவர் ஏன் அங்கிருந்தார் என்பதையே குறியிடம் கேட்பர் என்றும் விளக்கினார். காரணத்தை அறிதல் ஒன்று. 'எனக்கு ஏன்' என்று கேட்டல் மற்றொன்று. பின்னைய கேள்விக்கு எமது முற்போக்கு எழுத்து அரிதாகவே செவி சாய்த்துள்ளது.

இலக்கியம் செவி சாய்த்துள்ளதா? 1922 இல் வெளிவந்த ரி. எஸ். எலியற்றின் 'பாழ் நிலம்' இங்கு முதலில் நினைவுக்கு வரும். உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் ஞானி எனக் கூறப்படும் சொசொஸ்ரிஸ் அம்மையார் தடிமனோடு இருந்து சீட்டு விரிக்கும் காட்சி நகைப்புக்குரியதாகவே தொடங்குகின்றது. அவர் காட்டும் சீட்டுகளிற் சில டாரோவிலேயே இல்லாதவை. தமக்கு அக்கட்டின் சரியான அமைப்புத் தெரியாதென்றும் தம் வசதிக்கேற்ப மாற்றியதாகவும் எலியற்றே அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் அவ்விரிப்பிலுள்ளோர் பின்னர் கவிதையினுள் வந்தே தீருகின்றனர். மூழ்கிய மாலுமியும் வருகின்றான், வணிகனும் வருகின்றான். எமக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒற்றைக்கண் வணிகனின் சீட்டை அடுத்து வரும் வெறுஞ் சீட்டு. அவ்வணிகன் தன் முதுகிற் சுமந்து செல்வதைக் காண அம்மையாருக்குத் தடையுண்டு. 1917 முதல் வங்கியிற் பணியாற்றிக்கொண்டிருந்த கவிஞர், குறிகாரிக்குக் காணத் தடைசெய்யப்பட்டதாக வணிகனின் சுமையைத் தெரிந்தெடுத்தமை கருத்தூன்றி நோக்கத்தக்கது. அக்கவிதையில் மூழ்கிய மாலுமி இறுதியில் மறப்பதும் இலாப நட்டத்தையே. எலியற் பின்னர் சமயத்திலே கண்ட விடையை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் குறியின் எல்லை எங்கே என்பதை அவர் கவிதை காட்டியுள்ளது.

எமது சொந்த மரபும் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. சங்க அகப்பாடல்களிலே மகளின் மெலிவைக் கண்டு கலங்கும் தாய் கட்டுவிச்சியை அழைப்பாள். முறத்தில் நெல் பரப்பப்படும், கழங்கு உருட்டப்படும். முருகு அணங்கிற்று என்பதே குறி தரும் விடை, வேலன் வெறியாடுவான். உண்மைக் காரணம் மலைநாடனொருவன் என்பதைத் தலைவி அறிவாள், தோழி அறிவாள், பாடலைக் கேட்கும் நாமும் அறிவோம். குறியைப் பொய்யென்று பாடல் வாதாடுவதில்லை. குறி காணாததைத் தான் கண்டு நிற்பதே அதன் கலை. அதேவேளை தாயின் கலக்கம் பாடலில் ஏளனத்துக்கு உள்ளாவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்த நவீன நூல்கள் சிலவே.

அவற்றுள் ஒன்றாக வில்லியம் லிண்ட்சே கிறெஷம் எழுதி 1946 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'நைற்மெயர் அலி' என்ற நாவலை நாம் கொள்வோம். நூலாசிரியர் ஸ்பானிய உள்நாட்டுப் போரிற் குடியரசுப் பக்கத்திற் பணியாற்றியவர். நாவலின் கரு அங்கே ஒரு தோழரிடம் கேட்ட கதையிலிருந்து பிறந்தது. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு டாரோ பெருஞ்சீட்டே தலைப்பு. பேதையில் தொடங்கித் தூக்கிலிடப்பட்டவனில் முடிகின்றது. ஊர்சுற்றும் களியாட்டக் கூடாரமொன்றில் மனத்தை வாசிக்கும் வித்தையைக் கற்கும் ஸ்ரான் என்பவன், மாந்தர் அனைவருக்கும் பொதுவான அச்சமே தன் மூலதனம் எனக் கண்டுகொள்கின்றான். நோய், வறுமை, தோல்வி: இவற்றுள் ஒன்றைச் சொன்னாற் போதும், முன்னிருப்பவர் தம் கதையைத் தாமே சொல்லிவிடுவார். ஆவி போதகனாகிச் செல்வரை ஏய்க்க முனைந்து, ஆலை முதலாளியொருவனிடம் அகப்பட்டு வீழ்கின்றான். தப்பியோடும் அவன் சரக்கு ரயிலில் சந்திக்கும் கறுப்பினத் தொழிலாளி, அதே முதலாளியின் ஆலைக்குத் தொழிற்சங்கம் அமைக்கச் செல்பவன். பிறர் மனத்தை வாசித்தே பிழைத்தவனுக்கு அவன் அமைதி புரியவில்லை. இக்காட்சி பிரசாரமாகச் சரிந்துவிடவில்லையா என்று கேட்கலாம். சற்றே சரிகின்றது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் ஸ்ரான் அத்தொழிலாளியைப் பின்தொடர்வதில்லை. அவன் தன் சீட்டின் வழியே போய், கோழியின் தலையைக் கடித்துக் காட்டும் இழிந்த வேடத்திற் சேர்கின்றான். 1947 இலும் 2021 இலும் இது திரைப்படமாயிற்று. விதியின் வடிவத்தைச் சீட்டுகளிடமிருந்து கடன்வாங்கி, அவ்விதியை ஆக்கிய பொருளாதாரத்தைக் கதையினாற் காட்டியமை இந்நாவலின் வெற்றி.

இத்தாலோ கல்வினோவின் 'குறுக்கிடும் ஊழ்களின் கோட்டை' வேறு வகையானது. அதன் முதற் பகுதி 1969 இலும் முழுநூல் 1973 இலும் வெளிவந்தன. காட்டைக் கடந்து வந்தோர் பேச்சிழந்து, மேசையிற் சீட்டுகளை வரிசையாக வைத்தே தத்தம் கதையைக் கூறுகின்றனர். ஒருவரது வரிசை மற்றொருவரதை ஊடறுத்துச் செல்ல, ஒரே சீட்டு இருவர் கதையில் இரு பொருள் பெறுகின்றது. போர்க்காலத்திற் பாசிச எதிர்ப்புப் படையிற் போரிட்டு, 1957 இற் பொதுவுடைமைக் கட்சியை விட்டு விலகியவர் கல்வினோ. இந்நூலை வெறும் வடிவ விளையாட்டென ஒதுக்குவோருடன் நாம் முழுமையாக உடன்படோம். வெயிற்றின் விரிப்பில் மேசையில் ஒருவர் கதையே உண்டு. கல்வினோவின் மேசையில் எவருடைய கதையும் மற்றவர் சீட்டின்றி நிறைவடையாது. இருந்தும் அவரது மாந்தர்க்குப் பசி இல்லை. பேச்சிழந்தமைக்குக் காரணமும் இல்லை. அக்குறை எமக்கு உறுத்தலாகவே உள்ளது.

மாணவரிடம் மீள்வோம். நாணயம் ஐந்து அவருக்கு விழுந்தது எட்டாம் இடத்தில். கைப்பேசி தந்த விளக்கம், உள்ளத்தில் இல்லாமை உணர்வை அகற்றும்படியும் உதவி அருகிலிருப்பதை நம்பும்படியும் அறிவுரைத்தது. நாம் விளக்கத்தை விட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி கூறினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். அந்த இருவரும் ஏன் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று கேட்டார். கட்டடத்தின் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். பின்பு மூலையில் பாம்புபோல் நெளிந்து கிடந்த கீறல் என்னவென்றார். அது வரைந்தவரின் பெயரெழுத்துகள் என்றோம். அத்தனை நாளும் அச்சீட்டுகளை விரித்துவந்த அவர், அவற்றை ஒருவர் வரைந்திருக்க வேண்டும் என்பதை அதுகாறும் எண்ணிப் பார்த்ததில்லை.